நெவில் ஹெப்பிள் வேலிமேல் கேட்ட கேள்வி

கேள்வி கேட்காவிட்டால் நெவில் ஹெப்பிளுக்குச் சாப்பாடு இறங்காது. பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் நினைத்த இடத்தில் பஸ்ஸை மறித்து ஏறி, ஒவ்வொரு சீட்டாக நின்று, எதிரில் இருப்பவர் பையைத் துழாவுவதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவரிடமும் குரலை உயர்த்தியதில்லை என்பது அவருடைய பெருமை. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும் கேட்க ஆளில்லாமல் போயிற்று. மனைவி மேவிஸ் மட்டும்தான் மிச்சம். அவளோ நேராகப் பதில் சொல்கிற ரகம் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் தகவல் கேட்கும் சட்டம் அவர் கண்ணில் பட்டது. யார் வேண்டுமானாலும் எந்த அரசு அலுவலகத்தையும் எதைப் பற்றியும் கேட்கலாம். அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். கேட்ட கேள்வியையும் வந்த பதிலையும் கேட்டவர் பெயரோடு உலகத்துக்கே தெரியும்படி போட்டுவைக்க ஒரு இணையதளம் வேறு இருந்தது. மனிதர் விடுவாரா? தன் ஊரான தார்ன்பெக்கின் ஏற்றத்தில் பனிக்காலத்தில் சாலை உறையாமலிருக்க உப்பு ஏன் கொட்டவில்லை, பஸ் நிறுத்தத்துக் கழிப்பறையை யார் பூட்டினார்கள், பூட்டிய சாவி எங்கே என்று நகராட்சியைக் கேட்டுக் கேட்டு நொந்துபோக வைத்தார். சாவி கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் ஊரில் அவருக்கு ஒரு மதிப்பு உண்டாயிற்று. அந்த மதிப்புத்தான் பின்னால் அவர் காலை வாரிவிட்டது.

போன நவம்பரில் அடுத்த வீட்டுப் பெரில் வீட்டில் திருடன் புகுந்து டிவியைத் தூக்கிக்கொண்டு போனான் என்று ஊரே நம்பியது. அப்படி ஒரு திருட்டு நடக்கவே இல்லை. அதைக் கடைசியாகத் தெரிந்துகொண்டவர் நெவில். நம்பிக்கையை ஆரம்பித்து வைத்தவரும் அவரேதான்.

அன்றைக்குக் காலையில் பத்திரிகை வாங்கிக்கொண்டு தூறலில் நனைந்தபடி வந்தார். பெரில் வீட்டு வாசலில் போலீஸ் கார் கிளம்பிக்கொண்டிருந்தது. பெரில் வீட்டுச் செருப்போடு வாசல் கேட்டில் நின்றாள். கணவன் ஸ்டானை முந்தைய வசந்தத்தில் அடக்கம் செய்த பிறகு அவள் அதிகம் வெளியே தலைகாட்டுவதில்லை. நெவில் வேலிமேல் எட்டிப் பார்த்தார்.

"என்ன பெரில், திருடன் புகுந்துட்டானா?"

பெரில் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"எதை எடுத்தான்? டிவியையா? அதைத்தானே முதல்ல தூக்குறானுங்க!"

அவள் மறுபடியும் தலையாட்டினாள்.

"நீங்க உள்ள போங்க. மழையில நிக்காதீங்க. மேவிஸை அனுப்புறேன்."

இவ்வளவுதான் நடந்தது. மதியத்துக்குள் சேதி ஏற்றத்தின் உச்சியில் இருக்கும் கடைசி வீடு வரை போய்விட்டது. சாயங்காலத்துக்குள் பெரில் வீட்டில் இறைச்சி வைத்துச் சுட்ட மூன்று அப்பங்கள் வந்து சேர்ந்தன. அந்த ஊரில் யாருக்காவது கஷ்டம் வந்தால் வாய்திறந்து ஆறுதல் சொல்ல மாட்டார்கள், சுட்டு எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

நெவில் அதோடு நிற்கவில்லை. ஊர்மன்றத்தில் வியாழக்கிழமை தோறும் நடக்கும் தேநீர்க் கூட்டத்தில் எழுந்து நின்று, பெரிலுக்கு நாம் எல்லோரும் சேர்ந்து டிவி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றார். குலுக்கல் சீட்டு விற்றார்கள், கேக் விற்றார்கள், அதே தெருக்காரன் கோலின் தன் தோட்டத்துப் பூசணியை ஏலம் விட்டான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, புத்தம்புது டிவியைப் பெட்டியோடு தன் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் ஏற்றி, சிவப்பு ரிப்பன் கட்டி, நெவில் தெருவில் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் பத்துப் பதினைந்து பேர் பாடிக்கொண்டே வந்தார்கள். பெரில் கதவைத் திறந்து பார்த்துவிட்டு அழுதாள்.

"சந்தோஷத்துல அழுறாங்க," என்று நெவில் பின்னால் திரும்பிச் சொன்னார்.

மாட்டித் தருகிறேன் என்று அவர் உள்ளே காலெடுத்து வைத்தபோது பெரில் வழியை மறித்து நின்றாள். தங்கை மகன் வருவான், அவன் பார்த்துக்கொள்வான் என்றாள்.

நல்ல காரியம் செய்த மனிதருக்கு ஒரு கெட்ட குணம் வந்துவிடும், அந்தக் காரியத்தை அவர் பாதியில் விடமாட்டார். திருடன் பிடிபடவில்லை என்பது நெவிலை அரித்தது. ஜனவரியில் ஒரு செய்தியைப் படித்தார். அந்த நாட்டில் வீட்டில் டிவி பார்க்க ஆண்டுதோறும் பணம் கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டும். அந்தப் பணத்தைக் கட்டாதவர் கதவைத் திறக்காவிட்டால், லைசென்ஸ் ஆட்கள் நீதிமன்றத்தில் சோதனை உத்தரவு வாங்கிக்கொண்டு வருவார்களாம். துணைக்குப் போலீஸும் போகுமாம். நெவிலுக்கு ரத்தம் கொதித்தது.

"பாத்தியா மேவிஸ்! திருடனப் பிடிக்க ஆளில்ல. எவனோ டிவி பாக்குறத எட்டிப் பாக்குறதுக்குப் போலீஸ் போகுது!"

"டிக்கெட் எடுக்காதவனப் பிடிச்சே காலத்த ஓட்டின ஆளு, லைசென்ஸ்காரனத் திட்டுறதப் பாரு," என்றாள் மேவிஸ், பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அது வேற, இது வேற."

"ஆமா, அது நீ. அதனால வேற."

"பெரிலுக்காகக் கேக்கப்போறேன்."

மேவிஸின் ஊசி நின்றது. "பெரில் கேக்கச் சொன்னாளா?"

"அவங்க எங்க சொல்வாங்க? வாயில்லாப் பூச்சி."

"அப்ப விட்டுடு, நெவில்."

அவர் விடவில்லை. அன்றைக்கே மாவட்டப் போலீஸுக்கு எழுதினார். கடந்த ஆண்டில் லைசென்ஸ் ஆட்களுக்குத் துணையாகப் போலீஸ் எத்தனை முறை போனது, எந்தெந்த ஊருக்கு, எந்த மாதம்? அதே ஊர்களில் வீடு புகுந்து திருடிய வழக்குகள் எத்தனை? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டால் போலீஸ் முகத்தில் கரி பூசியாகிவிடும் என்பது அவர் கணக்கு.

பதில் வந்தது. மாவட்டம் முழுவதற்கும் சேர்த்து ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு, ஊர்வாரியாகச் சொல்ல முடியாது என்று மறுத்திருந்தார்கள். எண்ணிக்கை மிகச் சிறியது, ஊரையும் மாதத்தையும் சொன்னால் சம்பந்தப்பட்டவர் யாரென்று அக்கம்பக்கத்தார் கண்டுபிடித்துவிடக்கூடும் என்று பணிவாகக் காரணமும் எழுதியிருந்தார்கள். எழுதியவர் யாரோ, உலகம் தெரிந்த ஆள். நெவில் அதைப் படித்துவிட்டு, "மறைக்கிறானுங்க!" என்றார். மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் காரசாரமாக இன்னொரு மனு போட்டார்.

வேலியருகே பெரிலைப் பார்த்தபோது அதையும் சொன்னார். அவள் கையில் துணிக் கூடை இருந்தது.

"விட்டுடுங்க நெவில். போனது போகட்டும்."

"எப்படி விடுறது? உங்களுக்கு வேணாம்னாலும் ஊருக்கு வேணும்ல?"

"எனக்காக விட்டுடுங்களேன்."

"உங்களுக்காகத்தான் பெரில் செய்யுறேன்!"

அவள் கூடையோடு உள்ளே போய்விட்டாள். என்ன தங்கமான மனுஷி, தனக்கென்று எதையும் கேட்கமாட்டாள் என்று நெவில் நெகிழ்ந்துபோனார். அந்த நெகிழ்ச்சியைப் பிற்பாடு நினைத்தபோதெல்லாம் அவருக்குக் காது மடல் வரை சூடேறியது.

மறுபரிசீலனையில் போலீஸ் இறங்கி வந்தது. பதில் ஒரு புதன்கிழமை மாலை வந்து சேர்ந்தது. நெவில் அதைத் திறக்கவில்லை. கழிப்பறைச் சாவி விஷயத்தில் பதிலை வீட்டிலேயே படித்துவிட்டு ஊருக்குச் சொன்னதில் பாதி ருசி போய்விட்டது. இந்தத் தடவை எல்லோர் முன்னாலும் திறந்து படிப்பது என்று முடிவு செய்திருந்தார். மகன் வாங்கித் தந்த டேப்லெட் கணினியைக் கம்பளிச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு வியாழக்கிழமை ஊர்மன்றத்துக்குப் போனார்.

அன்றைக்குத் தேநீர் ஊற்றும் முறை பெரிலுடையது. பெரிய தேநீர்க் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக வந்துகொண்டிருந்தாள். கூட்டத்தை நடத்தும் ஜாய்ஸ் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வந்தாச்சு!" என்று நெவில் எழுந்து நின்று டேப்லெட்டைத் தூக்கிக் காட்டினார்.

"சாவியா?" என்று கோலின் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

"சாவி இல்லப்பா, போலீஸ். எல்லாரும் கேட்டுக்கோங்க. லைசென்ஸ் ஆளுங்களோட போலீஸ் போனது, ஊர்வாரியா. தார்ன்பெக்..." கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "அட! நம்ம ஊருக்கே வந்திருக்கானுங்க! தார்ன்பெக், ஒண்ணு. நவம்பர் மாசம்."

ஒரே ஆரவாரம்.

"யாருப்பா அது? கையத் தூக்குங்க!"

"கோலின், நீதானே?"

"என் வீட்டுக்கு வந்திருந்தா என் நாய் அவன் கால்சட்டைய எனக்குக் கொண்டாந்து குடுத்திருக்கும்!"

"ஜாய்ஸா இருக்கும். அவதான் நாள் பூரா தொடர் பாக்குறா!"

நெவிலும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கையை உயர்த்தி அமைதியாக்கினார். "இருங்க, இருங்க. முக்கியமானது இனிமேதான். அதே வருஷம், அதே ஊர்ல, வீடு புகுந்து திருட்டு. தார்ன்பெக்..." நிமிர்ந்தார். முகம் சிவந்துவிட்டது. "ஒண்ணும் இல்லையாம்! கேட்டீங்களா அநியாயத்த? பெரில் வீட்டுத் திருட்ட இவனுங்க எழுதவே இல்ல! போலீஸ் கார் வந்து நின்னத நானே என் கண்ணால பாத்தேன். நவம்பர் மாசம்! நானே பாத்தேன்!"

ஜாய்ஸ் ஏற்கெனவே வெட்டிய கேக்கை மறுபடி வெட்டினாள். கோலின் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினான். நெவிலுக்கு இன்னும் விளங்கவில்லை.

"இவனுங்கள விடப்போறதில்ல. இன்னொரு மனு..."

"உக்காரு, நெவில்," என்றாள் மேவிஸ். மெதுவாகத்தான் சொன்னாள்.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவர் திரும்பினார். இரண்டு மேசை தள்ளிப் பெரில் கெட்டிலை இரு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் நெவில் டேப்லெட்டைக் கீழே இறக்கினார். அந்த முகத்தை அவருக்குத் தெரியும். பஸ்ஸில் நாள் தவறாமல் பார்த்த முகம் அது. டிக்கெட் இல்லையென்று தெரிந்தும் பையைத் துழாவிக்கொண்டே இருப்பவருடைய முகம். நவம்பரில் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவரைப் பார்த்ததும் இதே முகம்தான். முப்பது வருஷம் அந்த முகத்தைப் படித்துச் சம்பளம் வாங்கியவர், அடுத்த வீட்டில் அதைப் பார்த்தபோது திருட்டுக் கொடுத்தவள் முகம் என்று நினைத்துக்கொண்டார்.

பெரில் நடந்து அவர் மேசைக்கு வந்தாள். கோப்பையில் தேநீரை ஊற்றினாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"பால் ஊத்தவா, நெவில்?"

"ம்... ஊத்துங்க."

ஊற்றினாள். அவர் குடித்தார். ஜாய்ஸ், சனிக்கிழமை வெயில் அடிக்குமாம் என்றாள். கோலின், அடிச்சா நல்லது என்றான். அந்த ஊரில் யாரும், அன்றும் சரி அதற்குப் பிறகும் சரி, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட நெவில் தாங்கிக்கொண்டிருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் மேவிஸ் கோட்டைக் கழற்றி மாட்டும் வரை காத்திருந்தார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நவம்பர்லயே தெரியும். லைசென்ஸ் ஸ்டான் பேர்ல இருந்துச்சு. புதுப்பிக்கச் சொல்லி அவன் பேருக்குக் கடுதாசி மேல கடுதாசியா வந்துச்சு. செத்துப்போன புருஷனுக்கு வர்ற கடுதாசிய அவ பிரிக்கவே இல்ல. நீ பத்திரிகை வாங்கப் போனப்ப மாடி ஜன்னல்ல நின்னு எல்லாத்தையும் பாத்தேன். போலீஸ் மட்டும் இல்ல, அடையாள அட்டைய நெஞ்சுல தொங்கவிட்டுக்கிட்டு இன்னும் ரெண்டு பேர் வந்தாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லிருந்தா நீ சும்மா இருப்பியா? லைசென்ஸ் ஆபீசுக்கு எதிரா ஊர்வலம் நடத்திருப்ப, பெரில முன்னால நிக்கவச்சு. விடுன்னு சொன்னேன்ல. எந்தக் காலத்துல நீ விட்டிருக்க?"

அன்றிரவே டேப்லெட்டைத் திறந்தார். இணையதளத்துக்கு எழுதி, தன் கேள்வியை நீக்கிவிடும்படி கெஞ்சினார். அதில் யார் பெயரும் இல்லை, பொதுவில் வந்த பதிலை எடுக்க முடியாது என்று மறுநாளே பணிவாகப் பதில் வந்தது. யார் பெயரும் இல்லை என்பது உண்மையில்லை. மேலே கொட்டை எழுத்தில் நெவில் ஹெப்பிள் என்று இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை பெரில் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. முன்னறை ஜன்னல் திரை பகலிலும் மூடிக் கிடந்தது. ரொட்டி வாங்க உள்ளூர்க் கடைக்குப் போகாமல், பஸ் ஏறி டவுனுக்குப் போய் வந்தாள். வீட்டை விற்றுவிட்டுத் தங்கையிடம் போகப்போகிறாளாம் என்று யாரோ சொன்னதாக மேவிஸ் சொன்னாள். இந்த மனுஷி தன்னால் ஊரைவிட்டுப் போய்விடப் போகிறாள் என்ற நினைப்பில் நெவிலுக்குத் தூக்கம் போயிற்று. ஒரு திங்கட்கிழமை சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, பெரில் வீட்டுப் பின்வாசலைத் தட்டினார்.

அவள் திறந்தாள். உள்ளே வரவும் விட்டாள். ஆனால் தேநீருக்கு அடுப்பில் தண்ணீர் வைக்கவில்லை. முப்பது வருஷப் பழக்கத்தில் அந்தச் சமையலறையில் தண்ணீர் வைக்காமல் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"மன்னிச்சுக்கோங்க பெரில். எனக்குத் தெரியாது."

"தெரியாதுதான்."

"நீங்க ஒரு வார்த்த சொல்லிருந்தா..."

"எப்பச் சொல்றது?" பெரிலின் குரல் உயரவில்லை. "திருடன் புகுந்துட்டானான்னு கேட்டீங்க. டிவியையா எடுத்தான்னு கேட்டீங்க. கேள்விக்குள்ளேயே பதிலையும் வச்சுக் குடுத்தீங்க. நான் தலைய மட்டும்தான் ஆட்டினேன். அப்புறம் நீங்க டிவின்னு சொல்லிட்டீங்களேன்னு, நல்லா ஓடிக்கிட்டிருந்த என் டிவியப் போர்வையில சுத்திக் கரிக் கொட்டகைல ஒளிச்சு வச்சேன். மேவிஸ் வர்றதுக்குள்ள. தனியாத் தூக்கினேன். இடுப்பு இன்னும் வலிக்குது."

நெவில் மேசை விரிப்பின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் ரிப்பன் கட்டிக்கிட்டு வந்து நிக்குறீங்க. ஊரே பாடுது. வேணாம்னு சொல்ல முடியுமா? கோர்ட்டுல அபராதம் போட்ட அன்னைக்குக்கூட நான் அழல நெவில். நீங்க டிவி கொண்டாந்த அன்னைக்குத்தான் அழுதேன்."

"நான் நல்லதுன்னு நெனச்சு..."

"எல்லா ஆபீசுக்கும் பக்கம் பக்கமா எழுதிக் கேக்குறீங்க. அன்னைக்கு வேலிகிட்ட நின்னு, என்ன ஆச்சு பெரில்னு மட்டும் கேட்டிருந்தீங்கன்னா சொல்லிருப்பேன். யார்கிட்டயாவது சொல்லணும்னுதான் கேட்ல வந்து நின்னேன்."

தான் வாழ்நாளெல்லாம் கேட்ட கேள்விகளில் ஒன்றுகூட மற்றவர் சொல்வதைக் கேட்பதற்காகக் கேட்டதில்லையோ என்று நெவில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வெட்கப்பட்டார்.

"இப்பக் கேக்குறேன். என்ன ஆச்சு, பெரில்?"

"இப்ப வேணாம்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "அது எங்கிட்டயே இருக்கட்டும்."

நெவில் தலையை அசைத்தார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

"ஊரைவிட்டு மட்டும் போயிடாதீங்க," என்றார் கடைசியில்.

"நான் ஏன் போகணும்? இது ஸ்டான் கட்டின வீடு." எழுந்து முன்னறைக் கதவைத் திறந்துவிட்டாள். சோபாவுக்குப் பின்னால் அந்தப் பெட்டி இருந்தது, பிரிக்காமல், ரிப்பனோடு. "இத எடுத்துட்டுப் போங்க. இருட்டினப்புறம் வராதீங்க. இப்பவே, முன்வாசல் வழியா, நீங்க கொண்டுவந்த மாதிரியே."

வீட்டுக்குப் போய்த் தள்ளுவண்டியை எடுத்து வந்தார். தன் வீடு பக்கத்து வீடுதான். ஆனால் வாங்கிய கடைக்குத் திருப்பி அனுப்ப, ஏற்றத்தின் மேலே தபால் நிலையம் இருக்கும் இடம் வரை தள்ளியாக வேண்டும். நல்ல வெயில். எல்லா வீட்டு முன்தோட்டத்திலும் ஆட்கள் இருந்தார்கள். ரிப்பனை அவிழ்க்க நினைத்து, அவள் சொன்னது நினைவுக்கு வந்து, விட்டுவிட்டார். அவரைப் பார்த்தவர்கள் எல்லோரும் சட்டென்று செடிகளைப் பார்த்தார்கள்.

கோலின் மட்டும் தன் வேலிமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். அன்று மன்றத்தில் இருந்தவன். அவனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

"என்னப்பா நெவில், பழுதாயிடுச்சா?"

நெவில் வண்டியை நிறுத்தினார். இல்லை என்று சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் பெரில் இன்னொரு முறை ஊர் முன்னால் தலைகுனிந்து நிற்பாள். அதற்குள் தலை தானாகவே ஆடிவிட்டது.

"கடையில திருப்பிக் குடுக்கப் போறியாக்கும்? அதுதான் சரி."

நெவில் மறுபடியும் தலையாட்டினார். கழுத்துக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. கோலின் வேலியை விட்டு வந்து, ஒன்றும் கேட்காமல், வண்டியின் ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். இருவரும் ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போனார்கள்.